பழைய செய்தித்தாள் வரைபடமும் பெரியப்பா போன வழியும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்ட ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பெரிய பேச்சாளன் அல்லன். தலைமையாசிரியர் அவர்கள், "சார், பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது நல்ல பழக்கத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். காலையில் எழு, பல் துலக்கு, படி என்று சொல்ல உங்கள் அம்மாமார் இருக்கிறார்கள். நான் என்னிடம் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன்.

இதோ, மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. சட்டை விற்கும் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி தட்டையான பெட்டி. இதற்குள் பணம் இல்லை, நகை இல்லை. பழைய செய்தித்தாள்தான் இருக்கிறது. நம் தாமான்களில் வேன் ஓட்டிக்கொண்டு, "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருவார்களே, அவரிடம் போட்டால் கால் கிலோகூடத் தேறாது. ஆனால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பத்திரிகைகள் அச்சிட்ட வரைபடங்கள் இதில் இருக்கின்றன. தேசப்படம் என்று எங்கள் காலத்தில் சொல்வோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவற்றைச் சேர்த்து வருகிறேன்.

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு, பழைய காசு சேர்ப்பவர்கள் உண்டு. இது என்ன புதுப் பைத்தியம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

போர்க் காலத்தில் செய்தித்தாள் வரைபடம் என்பது சாதாரணப் பொருள் அன்று. தொலைக்காட்சி கிடையாது. வானொலிப் பெட்டி உள்ள வீடு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். "கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினர்" என்று பத்திரிகையில் படித்தால், கோத்தா பாரு எங்கே இருக்கிறது, நம் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று மக்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? பத்திரிகை அலுவலகத்து ஓவியர் ஒருவர் அன்றைய தந்திச் செய்தியைப் பார்த்துப் பேனாவும் மையும் கொண்டு அவசர அவசரமாக ஒரு படம் வரைவார். அதை உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து, எழுத்துகளோடு சேர்த்து அச்சிடுவார்கள். கடற்கரைக்கு ஒரு கோடு, ரயில் பாதைக்குக் குறுக்குக்கோடு போட்ட ஒரு கோடு, படை வரும் திசைக்குக் கறுப்பு அம்பு. அவ்வளவுதான். அந்த அம்பைப் பார்த்துத்தான், மூட்டை கட்டுவதா, இருப்பதா என்று குடும்பங்கள் முடிவு செய்தன.

உலகம் முழுக்க இப்படித்தான். சிங்கப்பூர் விழுந்து எட்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 23-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரூசவெல்ட் வானொலியில் பேசினார். அதற்கு முன்பே மக்களைப் பார்த்து, உலக வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பத்திரிகைகள் வரைபடத்தை அச்சிட்டுக் கொடுத்தன. கடைகளில் வரைபடங்கள் விற்றுத் தீர்ந்தன. ஒரு நாட்டின் தலைவரே தம் மக்களுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்த நாள் அது.

நம் மலாயாவின் கதைக்கு வருவோம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். டிசம்பர் 10-ல் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. டிசம்பர் 19-ல் பினாங்கு அவர்கள் கையில். 1942 ஜனவரி 7-ல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை சிதறியது. நான்கே நாளில், ஜனவரி 11-ல், கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. மொத்தம் எழுபது நாள். வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஓர் அம்பு எழுபது நாளில் நீண்டுவிட்டது.

மாணவர்களே, இந்தத் தேதிகளை ஏன் ஒப்பிக்கிறேன் தெரியுமா? பழைய வரைபடம் சேர்ப்பவனுக்கு இவைதாம் சாவி. என் பெட்டியில் இருக்கும் முதல் வரைபடத்தைப் பாருங்கள். இது என் தகப்பனார் வைத்திருந்தது. மேல்பகுதி கிழிந்துபோயிற்று. பத்திரிகையின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. எந்த நாள் தாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்பறிவாளர் மாதிரி யோசியுங்கள். குவாந்தானுக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மூழ்கிய இடத்துக்கு ஒரு குறி இருக்கிறது. ஆகவே டிசம்பர் 10-க்கு முந்தியதாக இருக்க முடியாது. கெடாவுக்குள் அம்பு வந்துவிட்டது, ஆனால் பினாங்கு இன்னும் பிரிட்டிஷார் கையில் இருப்பதாகவே காட்டுகிறது. ஆகவே டிசம்பர் 19-க்குப் பிந்தியதாக இருப்பதும் கடினம். பின்பக்கத்தைத் திருப்பினால், இரவில் விளக்கை மறைத்து வைக்கும்படி இருட்டடிப்பு அறிவிப்பு ஒன்று இருக்கிறது. ஆக, பெயரில்லாத ஒரு துண்டுத் தாளை ஒன்பது பத்து நாளுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். கணக்கு வாத்தியார் கொடுக்கும் கணக்கைவிட இது சுவையான கணக்கா இல்லையா?

வரைபடத்தில் உள்ள ஊர்ப் பெயர்களும் சாட்சி சொல்லும். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று இருந்தால் அது பழையது. 1972-ல்தான் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. தெலுக் ஆன்சன் 1982-ல் தெலுக் இந்தான் ஆயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூருக்கு 'சியோனான்' என்று பெயர். அங்கே வெளிவந்த பத்திரிகைகளில் ஆண்டைக்கூட மாற்றிவிட்டார்கள். 1942-க்குப் பதில் 2602 என்று இருக்கும். அது அவர்கள் நாட்டு ஆண்டுக் கணக்கு. இன்னொன்று: 1943-ல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பானியர் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் அவை திரும்பின. ஆகவே அக்கால வரைபடம் கிடைத்தால், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

இனி, அசலா நகலா என்று அறியும் வழி. இப்போது வண்ண நகல் எடுத்துப் பழைய தாள் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பின்பக்கம் திருப்புங்கள். செய்தித்தாள் என்றால் பின்பக்கத்திலும் செய்தியோ விளம்பரமோ இருக்க வேண்டும். வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். அந்தக் காலத்தில் ஈய எழுத்தை அழுத்தி அச்சிட்டதால் தாளில் சற்றே மேடு பள்ளம் தெரியும். நிறத்தைப் பாருங்கள். உண்மையாகவே பழுத்த தாள் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுத்திருக்கும். நகலில் பழுப்பும் அச்சு மாதிரியே ஒரே சீராக இருக்கும்.

தாள் ஏன் பழுக்கிறது? செய்தித்தாளை மரக்கூழில் செய்கிறார்கள். மரத்தில் லிக்னின் என்னும் பொருள் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். தாளிலுள்ள அமிலம் அதை நொறுங்க வைக்கும். நம் நாட்டுப் புழுக்கம் வேறு. ஆகவே வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை தடவாதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடு வைத்து ஒட்டினால் அதன் பிறகு பிரிக்கவே முடியாது. மடிக்காமல் தட்டையாக வையுங்கள். சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள், கரையான் வரும். படத்தை மட்டும் கத்தரித்து எடுக்காதீர்கள், முழுப் பக்கமாக வையுங்கள். கத்தரித்தால் தேதி போய்விடும், தேதி போனால் பாதி உயிர் போய்விடும். வாங்கிய இடத்தையும் நாளையும் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். ஒரு நாள் வரைபடம் அந்த ஒரு நாளின் பேச்சு. அதிலும் போர்க் காலத்தில் தணிக்கை உண்டு. தோல்வியை உடனே சொல்ல மாட்டார்கள். ஒரு வாரத்து வரைபடங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான், முந்தாநாள் எதை மறைத்தார்கள் என்று இன்று தெரியும்.

பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷார் அங்கிருந்த ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் நம்மவரும் சீனரும் மலாய்க்காரரும்தான். ஆனால் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறந்தால் குண்டு விழும். அந்தக் கொடியை இறக்கியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்புக்குறி காட்டாத செய்தி இது.

கிள்ளானும் அப்படித்தான். போர்க்கால வரைபடத்தில் கிள்ளான் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் என்ன நடந்தது? 1941 ஏப்ரல், மே மாதங்களில் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர். எச். நாதன். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஏழே மாதம் கழிந்தது. ஆயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டே தெற்கு நோக்கி வந்தார்கள். அவர்களை இறங்கச் சொல்ல ஒரு துரையும் நிற்கவில்லை.

பெரியோர்களே, இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

என் தகப்பனார் எப்.எம்.எஸ். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். இப்போது கே.எல். சென்ட்ரல் நிற்கிறதே, 2001-ல் திறந்தார்களே, அந்த இடம் அப்போது ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு. அங்கேதான் அவருக்கு வேலை. அலுவலகத்துப் பெரியவர்கள் படித்துவிட்டுப் போட்ட ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிடைத்த தாள்தான் இந்த முதல் வரைபடம். அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ரயில் பாதை தெரியும். அதனால் வரைபடம் புரிந்தது.

என் பெரியப்பா இந்தக் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். 1943-ல் தோட்டத்துக்கு ஆள் எடுக்க வந்தார்கள். சயாமில் தண்டவாளம் போடும் வேலை, மூன்று மாதந்தான், நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு என்று சொன்னார்கள். தோட்டத்தில் அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்கைத் தின்று சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டிருந்த காலம். போகிறேன் என்று சொன்னவர்களும் போனார்கள், மாட்டேன் என்று சொன்னவர்களும் போனார்கள். கோலாலம்பூர் ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் வேகனில் வைத்து என் அப்பா அவரைப் பார்த்தார். "மூணு மாசந்தான்டா தம்பி, தீவாளிக்கு வந்துடுவேன், அம்மாகிட்ட சொல்லு" என்றாராம் பெரியப்பா. அதுதான் கடைசி.

அந்தப் பாதை சயாமில் பான் போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். மலையையும் காட்டையும் வெட்டி, 1943 அக்டோபர் 17-ல் இரு முனையும் சேர்ந்தன. பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள், பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் அழகான மயானம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள், பெரும்பாலான கல்லில் பெயர் இருக்கிறது. நம்மவர் புதைந்த இடத்தில் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. எண்பது ஆண்டு கழித்து, 2023-ல்தான் அங்கே தமிழர் நினைவாக ஒரு நடுகல் நாட்டப்பட்டது.

போர் முடிந்து, திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்களை என் அப்பா விடவில்லை. "எங்க அண்ணனப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் ஓர் ஊர் சொன்னார், இன்னொருவர் அடுத்த முகாம் சொன்னார். கடைசியாக ஒருவர், இன்ன இடத்தில் காலரா முகாமில் கண்டேன் என்றார். அப்பா இந்த வரைபடத்தை எடுத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பாடாங் பெசார், ஹாட்யாய், பான் போங், அதற்கு மேல் மலைக்குள்ளே. அந்தப் பெரியவர் சொன்ன இடத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி. அதோடு கோடு நின்றது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முதல் நாள் இதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

எனக்கு இருபது வயது. 1972-ஆம் ஆண்டு. பழம்பொருள் சேர்க்கும் பெரியவர் ஒருவர் பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்குப் போர்க் காலத் தாள்கள் கேட்டார். நான் அப்பாவின் வரைபடத்தை எடுத்தேன். பார்த்தால் பென்சில் கிறுக்கல்! அசல் தாள் என்றால் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று நினைத்தேன். நல்ல ரப்பராக வாங்கிவந்து, தாள் கிழியாமல், அரைமணி நேரம் பொறுமையாக அழித்தேன். ரொம்பப் பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா திட்டவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அது கிறுக்கல் இல்லடா. அண்ணன் போன வழிடா அது" என்றார். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சில நாள் கழித்து, "திரும்பப் போட்டுக் கொடுங்கப்பா" என்று பென்சிலை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "வழி தெரியுது. அந்த எடந்தான் இப்ப எனக்கே சரியாத் தெரியல. தப்பாப் போட்டா அவனை வேற எங்கேயோ பொதைச்ச மாதிரி ஆயிடும்" என்று சொல்லிப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்துதான் நான் வரைபடம் சேர்க்கத் தொடங்கினேன். எங்காவது ஒரு தாளில் அந்த இடம் கிடைக்குமா என்று தேடிய தேட்டம் பழக்கமாகிவிட்டது. பிற்பாடு ஒருவர் எனக்கு ஓர் உபாயம் சொன்னார். இருட்டறையில் விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால், பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும் என்றார். செய்து பார்த்தேன். தெரிந்தது! கிள்ளானிலிருந்து புறப்பட்ட கோடு ஒரு நூல்போலத் தெரிந்தது. அப்பா அழுத்தித்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பெருக்கல் குறி மட்டும் தெரியவில்லை. அதை மெல்லமாகப் போட்டிருக்கிறார் போலும். கை வந்திருக்காது.

மாணவச் செல்வங்களே, அசல் என்றால் என்ன? அச்சு இயந்திரத்திலிருந்து வந்த நிலையிலேயே இருப்பதுதான் அசல் என்று நான் அன்று நினைத்தேன். பத்திரிகைக்காரர் போட்ட அம்பு ஆயிரம் தாள்களில் இருக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தார் பழைய பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், தமிழ் முரசும் அதில் உண்டு. நம் நாட்டில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அச்சான வரைபடத்தை அங்கேயெல்லாம் தேடலாம். என் அப்பா போட்ட கோடு உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. அந்த ஒன்றை நான் அழித்தேன். படை போன வழியைப் பாதுகாத்து, மனிதன் போன வழியைத் துடைத்துவிட்டேன்.

ஏன் இதை உங்களிடம் சொல்கிறேன்? உங்கள் வீட்டுக்குள்ளும் அப்படிக் கோடுகள் இருக்கின்றன. தாளில் இல்லாவிட்டால் பாட்டியின் வாயில் இருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு எங்கே போனார் என்று கேளுங்கள். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து அழைத்தபோது, தோட்டத்து இளைஞர்களும் ஜான்சி ராணிப் படைக்குப் பெண்களும் போனார்களே, அவர்களில் உங்கள் வீட்டார் உண்டா என்று கேளுங்கள். 1945 மார்ச் 10-ல் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் யார்டுக்குக் குறிவைத்த அமெரிக்க விமானக் குண்டு பக்கத்திலிருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தில் விழுந்தது. இன்று அதே இடத்தில் தேசிய அரும்பொருளகம் நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழை. அந்த மயிரிழைக்குள் யார் யார் ஓடி ஒளிந்தார்கள் என்று கேளுங்கள்.

1945 செப்டம்பர் 9-ல் பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது. நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போகிறோமே, அதே மோரிப்தான். வரைபடத்தில் அது நல்ல கடற்கரை. வண்டிகள் இறங்கியதும் சேற்றில் புதைந்தன. நல்ல வேளை, ஜப்பான் முன்பே சரணடைந்திருந்தது. அந்தச் சேற்றைப் பற்றி மோரிப் பக்கத்து மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வரைபடம் வரைபவர்கள் மண்ணில் நடப்பவர்களைக் கேட்பதில்லை. நாமாவது கேட்போம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நம் தோட்டங்கள் பல இன்று வரைபடத்திலேயே இல்லை. துண்டு துண்டாக விற்று, வீடமைப்புத் திட்டமும் நெடுஞ்சாலையும் ஆகிவிட்டன. லயம் இருந்த இடத்தில் கடைவீடு நிற்கிறது. தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு பல இடங்களில் மிஞ்சியிருப்பது கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான். தமிழ் நேசன் 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோயிற்று. பத்திரிகையும் போகும், தோட்டமும் போகும். ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். பெரியவர்கள் பேசும்போது, "ஆமாம், இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க" என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய தாள், பழைய கடிதம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும், வேனில் போடுமுன் ஒரு தரம் விரித்துப் பாருங்கள். அதில் பென்சில் கோடு இருந்தால் இரண்டு தரம் பாருங்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு போட்டி. இன்று பரிசு கிடைக்காதவர்கள் கவனமாகக் கேளுங்கள். மலாயா, சயாம், இந்தியா தெரியும்படி ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகல் போதும். அதன்மேல் மெல்லிய டிரேசிங் தாளை வையுங்கள். அசல் தாளில் நாம் எழுதக்கூடாது, அழிக்கவும் கூடாது. அந்த டிரேசிங் தாளில் உங்கள் குடும்பம் வந்த வழியைப் போடுங்கள். ஊர், கப்பல் ஏறிய துறைமுகம், தோட்டம், போர்க் காலத்தில் போன இடம், இப்போது இருக்கும் தாமான். தெரிந்த இடத்தில் முழுக்கோடு போடுங்கள். ஐயமுள்ள இடத்தில் புள்ளிக்கோடு போடுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், இட்டுக்கட்டாதீர்கள். ஓரத்தில் யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் மூன்று பேருக்கு என் சொந்தச் செலவில் நல்ல தமிழ் நூல்கள் தருகிறேன். தலைமையாசிரியர் அவர்கள் சம்மதித்தால் எல்லா வரைபடங்களையும் பள்ளி நூலகத்தில் ஒரு தட்டையான பெட்டியில் சேர்த்து வைக்கலாம். பெட்டியையும் நானே வாங்கித் தருகிறேன்.

என் தாளையும் கொண்டுவருவேன். கிள்ளானிலிருந்து பான் போங் வரை முழுக்கோடு, அதற்கு மேல் மலைக்குள் புள்ளிக்கோடு. அது முடியும் இடத்தில் ஒன்றும் போட மாட்டேன். ஓரத்தில் மட்டும் எழுதி வைப்பேன்: "இந்த இடத்தைத் தெரிந்தவர் இருந்தார். அழித்தவன் நான்."